விலை உயர்ந்த ஆடியோ செட்: எதுவரை கொடுக்கலாம்?

புது வீட்டுக்குக் குடிபோனதும் கூடத்துக்கு ஒரு நல்ல ஆடியோ செட் வேண்டும் என்று நினைக்கிறவர்கள் காவிரிக் கரையில் நிறையப் பேர். கோயிலில் நாகஸ்வரமும் கல்யாணத்தில் தவிலும் கேட்டு வளர்ந்த காதுக்குச் செல்போன் ஸ்பீக்கர் போதாது. அது நியாயம்தான். ஆனால் கடைக்குப் போனால் தலை சுற்றுகிறது. ஐந்தாயிரம் ரூபாய்க்கும் ஒரு ஜோடி ஸ்பீக்கர் இருக்கிறது, ஐந்து லட்சத்துக்கும் இருக்கிறது. இரண்டிலும் வரப்போவது அதே ஆலாபனை. நூறு மடங்கு விலை கொடுத்தால் நூறு மடங்கு சுகம் கிடைக்குமா?

கிடைக்காது. அதற்காக "எல்லாம் ஒன்றுதான், விலை கூடினால் ஏமாற்று" என்று சொல்வதும் சரியில்லை. ஓர் அளவு வரை, கொடுக்கும் ஒவ்வொரு ஆயிரமும் காதுக்குத் தெரிகிறது. அந்த அளவு எங்கே முடிகிறது, அதற்குள் பணத்தை எதில் போட வேண்டும் என்பது தெரிந்தால் கடைக்காரர் சொல்வதை எடைபோட முடியும்.

பாட்டு உங்களிடம் வந்து சேர்வதற்குள் சில கட்டங்களைத் தாண்டுகிறது. முதலில் பாட்டு இருக்கும் இடம்: செல்போன், கணினி, சிடி பிளேயர். அடுத்து, எண்களாக இருக்கும் பாட்டை மின் அலையாக மாற்றும் டிஏசி. இதைத் தனிப் பெட்டியாகவும் விற்கிறார்கள். கணினிக்குள்ளும் சிடி பிளேயருக்குள்ளும் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. பிறகு, மெல்லிய மின் அலையைப் பெரிதாக்கும் ஆம்ப்ளிஃபையர். அப்புறம் ஸ்பீக்கர். பெரும்பாலும் இதோடு பேச்சை முடித்துவிடுவார்கள். ஆனால் கடைசியாக இன்னொன்று இருக்கிறது: ஸ்பீக்கர் வைத்திருக்கும் அறை.

முதல் மூன்றும் மின்சார வேலை, கடைசி இரண்டும் காற்றை அசைக்கிற வேலை. மின்சார வேலையை மலிவாகவும் துல்லியமாகவும் செய்ய நமக்குத் தெரிந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. காற்றை ஒழுங்காக அசைப்பது இன்றைக்கும் கஷ்டம். அதனால் பணம் போக வேண்டியது ஸ்பீக்கருக்கும் அறைக்கும். கடையில் நம்மை இழுப்பதோ பளபளக்கும் முன்பக்கம் கொண்ட மின்சாரப் பெட்டிகள்.

மின்சாரப் பக்கம்

சிடி 1982-ல் சந்தைக்கு வந்தது. அதில் ஒலி நொடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 16 பிட். இந்தக் கணக்கில் சுமார் 22,000 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 22,000 அதிர்வு, வரையுள்ள ஒலியைப் பதிய முடியும். இளங்காதுக்கு எட்டுவது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ். வயது ஏற ஏற அது இறங்கும். ஐம்பதைத் தாண்டிய பலருக்கு 12,000-க்கு மேல் கேட்பதே சிரமம். மிக மெல்லியதற்கும் மிக உரத்ததற்கும் இடையே சிடி தாங்கும் தூரம், சத்தத்தை அளக்கும் அலகில் சொன்னால், ஏறத்தாழ 96 டெசிபெல். மனிதக் காதுக்கு இது போதும்.

இதற்கு மேலே 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று 'ஹை-ரெஸ்' விற்கிறார்கள். அமெரிக்காவில் மேயர், மோரான் என்ற இருவர் இதைச் சோதித்து 2007-ல் ஆடியோ பொறியியல் சங்கத்தின் இதழில் வெளியிட்டார்கள். உயர்தரத் தட்டின் ஒலியை நேரடியாக ஒரு முறையும், நடுவே சிடி தரத்துக்குக் குறைத்து ஒரு முறையும் கேட்க வைத்தார்கள். எது எது என்று கேட்பவருக்குச் சொல்லவில்லை. மொத்தம் 554 முறை கேட்டதில் 276 முறை சரியாகச் சொன்னார்கள். பூவா தலையா போட்டிருந்தாலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் வந்திருக்கும். ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு 24 பிட் தேவை. வீட்டில் கேட்க அதற்கென்று தனியாகச் செலவழிக்க வேண்டாம்.

ஆம்ப்ளிஃபையரில் எல்லாரும் பார்ப்பது வாட். பெட்டியின் மேல் பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் எழுதியிருந்தால் அதைப் படிக்காமல் தாண்டுங்கள்; அந்த எண்ணை எப்படி அளப்பது என்று பொதுவாக ஒப்புக்கொண்ட முறை எதுவும் இல்லை. ஆர்.எம்.எஸ். வாட், அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட், எவ்வளவு, எத்தனை ஓம் (மின் தடையின் அலகு) ஸ்பீக்கருக்கு என்று கேளுங்கள். 50 வாட்டை 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபெல். அது தெரியும், ஆனால் கொஞ்சமாகத்தான் தெரியும். சத்தம் இரண்டு மடங்கானதாகக் காதுக்குத் தோன்ற 10 டெசிபெல் கூட வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். சாதாரணக் கூடத்தில் அளவாக வைத்துக் கேட்கும்போது சராசரியாகச் செலவாவது ஒன்றிரண்டு வாட்தான். மீதி எல்லாம் தவிலில் திடீரென்று விழும் அடிக்காக வைத்திருக்கும் இருப்பு. நேர்மையான 50 வாட் நம் வீட்டுக்குத் தாராளம்.

ஒயர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயரை மூன்று மீட்டர் தூரத்துக்கு இழுத்தால், போக வர இரண்டும் சேர்த்து அதன் தடை 0.05 ஓமுக்கும் குறைவு. எட்டு ஓம் ஸ்பீக்கரில் அதனால் வரும் இழப்பு சுமார் 0.05 டெசிபெல். எந்தக் காதுக்கும் அது எட்டாது. ஆயிரக்கணக்கில் விலை போட்ட ஒயரை வாங்காதீர்கள்.

ஸ்பீக்கர்

இங்கேதான் விலைக்கு அர்த்தம் இருக்கிறது. ஸ்பீக்கரின் கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. ஒலியின் அதிர்வெண் பாதியாகக் குறைந்தால், அதே சத்தம் வர அந்தக் கூம்பு நாலு மடங்கு தூரம் அசைய வேண்டும். அதனால்தான் கையடக்க ப்ளூடூத் பெட்டியில் மிருதங்கத்தின் உச்ச ஒலி தரும் வலப்பக்கமான வலந்தலை நன்றாகக் கேட்கிறது, தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கமான தொப்பி காணாமல் போகிறது. அதிலும் கும்கி (தொப்பியில் எழும் ஆழ்ந்த நாதம்) கேட்கிறதே என்றால், அடிச்சுரத்தோடு சேர்ந்து எழும் மேல்சுரங்களை வைத்து மூளை அடிச்சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்கிறது. நிஜமான கும்கி நெஞ்சில் படும். அதற்கு ஐந்தரை, ஆறரை அங்குலக் கூம்பாவது வேண்டும், அது பொருந்தியிருக்கும் பெட்டியும் கனமாக, அதிராமல் இருக்க வேண்டும். அவ்வளவு மரத்துக்கும் காந்தத்துக்கும் காசு ஆகத்தான் செய்யும்.

ஆழம் மட்டும் போதாது. வலந்தலையின் நடுவே கறுப்பாக ஒரு வட்டம் இருக்கிறதே, அந்தச் சோறுதான் மிருதங்கத்தைச் சுருதி சேரும் வாத்தியமாக்குகிறது. சாதாரணத் தோல் மேளத்தில் மேல்சுரங்கள் அடிச்சுரத்தோடு ஒழுங்கான விகிதத்தில் அமையாது. நடுவில் எடை ஏற்றிய மிருதங்கத்தில் அமைகின்றன. 1920-ல் 'நேச்சர்' இதழில் இதை விளக்கியவர்களில் ஒருவர், திருவானைக்காவலில் பிறந்த சி.வி.ராமன். இப்போது ஒரு மலிவான ஸ்பீக்கரை நினைத்துப் பாருங்கள். சில அதிர்வெண்களை அது தூக்கிக் கொடுக்கும், சிலவற்றை விழுங்கும். மேல்சுரங்களுக்குள் இருந்த விகிதம் கெட்டுப்போகும். அடி விழுவது கேட்கும், நாதம் கேட்காது. நல்ல ஸ்பீக்கர் எல்லா அதிர்வெண்ணையும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் தரும். கருத்தாக வடிவமைத்து அளந்து சரிபார்த்தவர்களால்தான் இப்படிச் செய்ய முடியும். நீங்கள் கொடுக்கும் விலையில் ஒரு பங்கு அந்த உழைப்புக்குப் போகிறது.

இப்படி ஒரே மட்டத்தில் ஒலிப்பதைத்தான் மக்கள் விரும்புகிறார்களா என்ற கேள்வியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் கனடாவின் ஃப்ளாய்ட் டூல். ஸ்பீக்கரைத் திரைக்குப் பின்னே வைத்துக் கேட்கச் சொன்னால், வெவ்வேறு ரசனை உள்ளவர்களும் பெரும்பாலும் அப்படிப்பட்டதையே தேர்ந்தெடுத்தார்கள். அவரும் ஷான் ஆலிவும் 1994-ல் இன்னொன்றைக் காட்டினார்கள்: திரையை எடுத்துவிட்டால் மதிப்பெண் மாறுகிறது. பெரிதாகவும் விலை உயர்ந்ததாகவும் தெரியும் பெட்டிக்கு மதிப்பெண் ஏறியது. கேட்டவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. கண் பார்த்ததையும் சேர்த்துத்தான் காது கேட்கிறது. எனக்கும் உங்களுக்கும் அப்படித்தான்.

அறை

ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தாலும் வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் கடைமடைக்குத் தண்ணீர் வராது. ஆடியோ செட்டுக்கு அறை அப்படி. நான்கு பக்கமும் பூசிய சுவர், கீழே டைல்ஸ், மேலே கான்கிரீட். இன்றைய வீடுகளின் கூடம் ஒலியைத் திருப்பித் திருப்பி அடிக்கும் பெட்டியாக இருக்கிறது. நடுவில் நின்று ஒரு தரம் கை தட்டிப் பாருங்கள். 'டங்' என்று ஓர் ஓசை பின்னால் இழுத்துக்கொண்டு வந்தால், எந்த ஸ்பீக்கரை வைத்தாலும் பிருகாக்கள் (வேகமாக உருளும் சுரங்கள்) ஒன்றோடொன்று குழம்பும்.

நம் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளில் இந்தத் தொல்லை குறைவு. ரேழி தாண்டிக் கூடம், கூடத்தை ஒட்டித் தாழ்வாரம், நடுவில் வானம் பார்த்த முற்றம். 1890-களில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஒரு கூடத்தில் எதிரொலியால் பேச்சே புரியவில்லை என்று, அதைச் சரிசெய்யும் வேலை வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியரிடம் வந்தது. மெத்தைகளைக் கொண்டுபோய் அடுக்கி அடுக்கி அளந்து, அறையின் ஒலியியலுக்கு அவர் ஒரு சூத்திரம் கண்டுபிடித்தார். ஒலியை உறிஞ்சுவதற்கு அவர் வைத்த அலகு, திறந்த ஜன்னல். அதன் வழியாக வெளியே போன ஒலி திரும்பி வராது. முற்றம் அப்படிப்பட்ட ஜன்னல், அதுவும் ஓர் அறை அளவுக்கு. முற்றத்து வீடு உங்களுக்கு இன்னும் இருந்தால், லட்சம் ரூபாய்க்கு அறையைச் சீர்செய்கிறவர்களுக்கு இல்லாத வசதி உங்களுக்கு இருக்கிறது. மேலே கண்ணாடி போட்டு மூடுவதற்கு முன் ஒரு முறை யோசியுங்கள்.

புது வீட்டிலும் செய்ய நிறைய இருக்கிறது. கனமான துணியில் திரைச்சீலை, தரையில் ஜமுக்காளம், புத்தகம் அடைந்த அலமாரி, ஒரு மூலையில் இலவம்பஞ்சு மெத்தை. கோரைப்பாய் மெல்லியது, அது உச்ச அதிர்வெண்களை மட்டும் கொஞ்சம் குறைக்கும். இரும்பு பீரோவை வேறு அறைக்கு மாற்றுங்கள், தாழ்ந்த சுரம் வரும்போதெல்லாம் அதன் கதவு கிணுகிணுக்கும்.

அறையின் அளவும் முக்கியம். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே பத்தடி இருந்தால் 57 ஹெர்ட்ஸ் அருகில் ஒரு தாழ்ந்த ஒலி வீங்கும், பன்னிரண்டு அடி என்றால் 48 அருகில். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடியாக இருந்தால் மூன்று வீக்கமும் ஒரே இடத்தில் விழுந்து, பாஸ் ஒரே இரைச்சலாகிவிடும். கேட்கும் அறையாக அப்படிப்பட்டதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஸ்பீக்கரை மூலையிலிருந்து வெளியே இழுத்து, சுவரிலிருந்து ஓரிரண்டு அடியாவது தள்ளி, கூம்பு காது உயரத்துக்கு வரும்படி ஒரு ஸ்டாண்டின் மேல் வையுங்கள். டிவிக்கு மேலே, லாஃப்டில், ஷோகேஸுக்குள் வைத்த ஸ்பீக்கர் விலைக்குத் தகுந்தபடி பாடாது. இந்த ஒரு வேலையில் கிடைக்கும் மாற்றம், ஆம்ப்ளிஃபையரை மாற்றினால் கிடைப்பதைவிடப் பெரிது. ஸ்டாண்டைத் தவிரக் காசு எதுவும் இல்லை.

இன்னொன்று மின்விசிறி. மே மாதம் அதை நிறுத்திவிட்டு யாராலும் கேட்க முடியாது. காற்றாடி ஓடும் அறையில் சும்மா இருக்கும்போதே சுமார் 45 டெசிபெல் இரைச்சல் இருக்கும். பாட்டின் உரத்த இடம் 90 என்று வைத்தாலும் நமக்குக் கிடைப்பது 45 டெசிபெல் இடைவெளி. சிடியே 96 தருகிறது. ஐந்து லட்சம் ரூபாய்ப் பெட்டி காட்டுவதாகச் சொல்லும் நுண்ணிய ஒலிகள் பெரும்பாலும் அந்தக் காற்றுச் சத்தத்துக்கு அடியில் போய்விடும்.

கேட்டுப் பார்க்கும் விதம்

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டுமல்லவா? டெல்டாக்காரர்களுக்கு அது பக்கத்திலேயே இருக்கிறது. சிதம்பரத்திலோ திருவாரூரிலோ கோயில் பூஜை நேரத்தில் மைக் இல்லாமல் வாசிக்கும் நாகஸ்வரத்தை அருகில் நின்று கேளுங்கள். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்த அந்தக் குழாயின் குரல் எவ்வளவு கனமானது, வாயில் வைத்து ஊதும் சீவாளிக்குள் காற்று நுழையும் முதல் நொடியில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். கச்சேரி மேடையில் நாம் கேட்பது வேறொரு ஆம்ப்ளிஃபையரின் குரல். தெருவில் கட்டும் குழாய் ஸ்பீக்கரிலோ தாழ்ந்த சுரங்களே வராது. அவற்றை அளவுகோலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தவிலை உள்ளபடியே உரத்துக் கேட்கச் செய்யும் சின்னப் பெட்டி எதுவும் இல்லை. அதை எதிர்பார்க்காதீர்கள், அக்கம்பக்கத்தாரும் விரும்ப மாட்டார்கள். வீணை நேர்மாறு. தஞ்சாவூர் வீணை இயல்பிலேயே மெல்லப் பேசும் வாத்தியம். நல்ல நடுத்தர ஸ்பீக்கரில், அளவான அறையில், அது எதிரே உட்கார்ந்து வாசிப்பதுபோலவே கேட்கும். நான் எந்தச் செட்டையும் முதலில் தனி வீணையில்தான் சோதிப்பேன். கமகத்தில் தந்தி இழுபடுவது தெரிகிறதா, மீட்டிய பிறகு நாதம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பேன்.

எந்தப் பதிவைக் கேட்பவர் நீங்கள் என்பதும் கணக்கில் வர வேண்டும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை 1956-ல் மறைந்தார். அவருடைய தோடி நமக்கு மிஞ்சியிருப்பது பழைய இசைத்தட்டுகளிலும் வானொலிப் பதிவுகளிலும். அந்தக் காலத்து 78 ஆர்.பி.எம். தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம், உச்ச அதிர்வெண்கள் மிகக் குறைவு. அப்படிப்பட்ட பதிவுகளுக்கு நடுச்சுரங்களைச் சுத்தமாகத் தரும் ஸ்பீக்கர் போதும். விலை உயர்ந்த ட்வீட்டர் (உச்ச அதிர்வெண்களைத் தரும் சிறு ஸ்பீக்கர்) ஊசியின் உரசலைத்தான் தெளிவாகக் காட்டும்.

இரண்டு செட்டை ஒப்பிடும்போது முதல் வேலை, சத்தத்தைச் சமமாக்குவது. கொஞ்சம் உரக்க ஒலிப்பதே நன்றாக ஒலிப்பதாகத் தோன்றும். கடையில் தெரிந்தோ தெரியாமலோ விலை கூடியதைச் சற்று ஏற்றி வைத்திருக்கலாம். செல்போனில் டெசிபெல் காட்டும் செயலியைப் போட்டு, நீங்கள் உட்காரும் இடத்தில் இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். அப்புறம் தம்பியையோ மைத்துனரையோ மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, நீங்கள் திரும்பி உட்கார்ந்து சொல்லுங்கள். பத்தில் ஐந்து சரி என்றால் உங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை என்று பொருள். ஏழு சரி என்றாலும் குருட்டாம்போக்கில் வர வாய்ப்பு உண்டு. ஒன்பதோ பத்தோ சரியாகச் சொன்னால் வித்தியாசம் உண்மை. குருட்டு யோகத்தில் அப்படி வருவது நூற்றில் ஒரு முறைதான். அதற்கு மேல், அந்த வித்தியாசம் அந்த விலைக்குத் தகுமா என்பது உங்கள் பணப்பை சொல்ல வேண்டியது.

எவ்வளவு கொடுக்கலாம்

என் கணிப்பைச் சொல்கிறேன். ஐந்தாயிரத்திலிருந்து முப்பது, நாற்பதாயிரத்துக்குப் போகும்போது வரும் மாற்றம் பெரியது. வீட்டில் யாரும் சொல்லாமலே அது தெரியும். அங்கிருந்து ஒரு லட்சம் வரை, கவனித்துக் கேட்கிறவருக்குத் தெளிவாகத் தெரியும்: தம்பூரா பின்னால் தனியாக நிற்கும், வயலினும் குரலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாது. ஒரு லட்சத்துக்கு மேல் கிடைப்பவை இன்னும் ஆழமான பாஸ், பெரிய கூடத்தையும் நிரப்பும் சத்தம், அழகான மரவேலை, நீண்ட ஆயுள். பெரிய கூடம் இருப்பவருக்கும், அந்தப் பொருளின் வேலைப்பாட்டையே ரசிப்பவருக்கும் அது வீண் அல்ல. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் கேட்கிறவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

கையில் அறுபதாயிரம் இருந்தால் ஸ்பீக்கருக்கு நாற்பது, ஆம்ப்ளிஃபையருக்குப் பதினைந்து, மீதியைத் திரைச்சீலைக்கும் ஸ்டாண்டுக்கும் ஒதுக்குவேன். அசெம்பிள் செட் செய்து தருபவர்களிடம் ஆம்ப்ளிஃபையர் வாங்கலாம். நல்ல ட்ரான்ஸ்ஃபார்மர் போட்டுப் பொறுமையாகச் செய்கிறவராக இருந்தால் அது நன்றாகவே உழைக்கும். ஸ்பீக்கர் பெட்டியை மட்டும் அளந்து தயாரிக்கும் கம்பெனியிடம் வாங்குங்கள். கூட்டுக் குடும்பத்தில் தனியாகக் கேட்க இடமில்லை என்றால் பத்தாயிரம் ரூபாய் ஹெட்ஃபோன் பெரிய வரம். அதில் அறையின் குறை எதுவும் குறுக்கே வராது. பாடகர் எதிரே இல்லாமல் தலைக்குள் பாடுவதுபோல் தோன்றும், அது ஒன்றுதான் குறை.

வாங்கிய பிறகு

மோட்டார் பம்புகள் ஓடும் கிராமங்களில் வோல்டேஜ் ஏறி இறங்கும். அங்கே நல்ல ஸ்டெபிலைசரும் ஒழுங்கான எர்த்தும் அவசியம். ஸ்பீக்கரில் விடாமல் 'ஹம்' கேட்டால் முதலில் எர்த்தைப் பாருங்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஆம்ப்ளிஃபையரைப் போட்டால் ரீங்காரம் வரும், சைன் வேவ் இன்வெர்ட்டர் வாங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இடி இடிக்கும்போது ப்ளக்கைப் பிடுங்கி வையுங்கள். நாகப்பட்டினம், தரங்கம்பாடி, வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்று பின்பக்க முனைகளைப் பச்சை பிடிக்க வைக்கும்; அவ்வப்போது கழற்றித் துடைத்து மாட்ட வேண்டும்.

கூம்பைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். அது நுரைப் பஞ்சில் செய்ததாக இருந்தால் நம் ஈரத்தில் சில ஆண்டுகளில் உதிரத் தொடங்கும். ரப்பர் வளையம் நீண்ட நாள் நிற்கும். பழைய செட்டை யாரிடமாவது வாங்கும்போது முன்வலையைக் கழற்றச் சொல்லி அந்த வளையத்தை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். பொடிந்து கையோடு வந்தால், வளையம் மாற்றும் கூலியைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.